கட்டுத்தரையில் கின்னி, வாசலில் சேவல்: ஒரு தென்னந்தோப்பின் நிகழ்வு ஆய்வு

சித்திரை முடிய நாலு நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து எருத்தேம்பதி போகிற வழியில் தோப்புச் சாளையில், அதாவது தோப்புக்குள்ளேயே இருக்கிற வீட்டில், குடியிருக்கும் அக்கா பேசினார். "தம்பி, சேவல் பாப்பாவைக் குத்திப்போடுச்சுங்க. கண்ணுக்குக் கீழ. நீங்க கொஞ்சம் வரோணும்." பாப்பா அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. ஆறு வயது. பள்ளி விடுமுறைக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தாள்.

நான் வருவது அப்புறம், முதலில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னேன். சேவல் முள் பட்ட காயம் மேலே சின்னதாகத்தான் தெரியும். அந்த முள் நாளெல்லாம் சாணியிலும் குப்பையிலும் புரள்வது. ஆழமாக இறங்கிவிட்டு வெளியே வாய் மூடிக்கொள்கிற காயத்தில்தான் சீழும் ரண ஜன்னியும் வரும். நல்ல தண்ணீரில் கழுவி, கண்ணை டாக்டரிடம் காட்டி, டிடி ஊசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். இமைக்கு ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தது. கண் தப்பியது. இரண்டு தையல்.

கால்நடைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கூப்பிடுகிற அளவுக்கு யாரும் கோழியின் குணத்துக்காகக் கூப்பிடுவதில்லை. கொத்துகிற சேவலுக்கு எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம்தான்: குழம்பு. இந்தத் தோப்பில் நடந்ததை விரிவாக எழுதக் காரணம், அங்கே ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்து இரண்டு சிக்கல் இருந்தது. முதல் தடவை போனபோது நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

தோப்பும் பறவைகளும்

இந்தத் தோப்பு இருக்கிற சித்தூர் தாலூக்காவின் கிழக்கோரம் கேரளத்துக்குள் இருந்தாலும் மழை மறைவுப் பூமி. பாலக்காட்டின் மேற்குப் பக்கம் கொட்டுகிற மழையில் பாதிகூட இங்கே விழாது. கரிசலும் பனையும், ஆழியாற்றுத் தண்ணீரை நம்பிய தென்னையும்தான். தென்னையில் கள் இறக்குகிறார்கள். காலையும் மாலையும் கள் இறக்குகிற செத்துக்காரர்கள் சைக்கிளிலோ மொபெட்டிலோ வந்து மரம் ஏறுவார்கள். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கடையிலும் பஞ்சாயத்திலும் மலையாளம்.

அக்காவின் சாளை வாசல் கிழக்குப் பார்த்தது. வாசலுக்கு வலப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டிச் சைக்கிள் நிறுத்துகிற இடம். சாளைக்குப் பின்னால் கட்டுத்தரை, இரண்டு எருமை. கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம் வேலியோரமாக, காய்ந்த தென்னை மட்டை ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

கோழிகள்: பன்னிரண்டு பெட்டை. பதினாலு மாதத்துச் செவலைச் சேவல் ஒன்று, ஏழு மாதத்துக் கறுப்புச் சேவல் ஒன்று. எல்லாம் நாட்டு ரகம். குத்தியது செவலை.

அத்தோடு ஏழு கின்னிக்கோழி, ஆங்கிலத்தில் கினி ஃபவுல் என்கிற பறவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தோப்பில் பாம்பு நடமாட்டம் அதிகமானபோது, யாரோ சொன்னதைக் கேட்டு மகன் முட்டை வாங்கி வந்து அடைக்கோழிக்குக் கீழே வைத்திருக்கிறார். அக்கா அவற்றைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அதுக பாட்டுக்குக் கத்திக்கிட்டுத் திரியுதுங்க, முட்டைகூட எங்க வெக்குதுன்னு தெரியலை" என்றார். அந்தப் பேச்சை நான் அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும்.

முதல் வருகை

அன்று சாயங்காலமே போனேன். படலைத் திறந்து பத்தடி வைப்பதற்குள் செவலை வந்துவிட்டது. நேராக ஓடி வரவில்லை. பக்கவாட்டில், ஒரு சிறகைத் தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்தி, அரைவட்டம் அடித்துக்கொண்டு வந்தது. நடுவில் நின்று, தரையில் ஏதோ பொறுக்குவது போலக் கொத்திற்று. அங்கே தீனி ஒன்றும் இல்லை. கழுத்து மயிர் சிலிர்த்தது. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். பார்க்கத் தெரிந்தவருக்கு இது நாலைந்து நொடி முன்னறிவிப்பு. குழந்தைக்கு அது தெரியாது. பெரியவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் நகரவில்லை. அது பாய்ந்து முழங்காலில் ஒரு அடி வைத்தது. நான் அதன் பக்கமாகவே ஒரு அடி எடுத்து வைத்தேன். மறுபடி பாய்ந்தது, மறுபடி ஒரு அடி. கையை ஓங்கவில்லை. மூன்றாவது தடவை அது பாதி வழியில் நின்று, தலையைத் திருப்பி, இறகைக் கோதுகிற மாதிரி பாவனை செய்தது. அந்த நொடியில் குனிந்து இரண்டு சிறகோடும் அணைத்துத் தூக்கி இடுக்கிக்கொண்டேன். கால்களை ஒரு கை பிடித்திருந்தது. அக்காவோடு பேசிக்கொண்டே அதை இடுப்பில் வைத்தபடி கால்மணி நேரம் தோப்பைச் சுற்றினேன். உடம்பு தளர்ந்து கண் சொருகிய பிறகுதான் இறக்கி விட்டேன்.

அது வளர்ந்த கதையை அக்கா அப்போதுதான் சொன்னார். போன வருஷம் பதினோரு குஞ்சு பொரித்ததில் தாயையும் பத்துக் குஞ்சையும் கீரி ஒரே நாளில் முடித்துவிட்டது. மிஞ்சிய ஒன்றை அட்டைப்பெட்டியில் போட்டு அடுப்பங்கரையில் வைத்து, பாட்டியும் பேத்தியுமாக உள்ளங்கையில் நொய்யரிசி வைத்து ஊட்டியிருக்கிறார்கள். பாப்பாவின் மடியில் தூங்கி வளர்ந்த குஞ்சு அது. "அவளுக்குப் பின்னாலயேதான் சுத்துமுங்க. அதே போயி அவ மொகத்துல..." அவரால் மேலே சொல்ல முடியவில்லை.

எனக்கு அது வியப்பாக இல்லை. தாயோடு வளர்கிற சேவல் குஞ்சு, மனிதன் வேறு சாதி, எட்டி நிற்க வேண்டியவன் என்று கற்றுக்கொள்ளும். கையில் வளர்ந்ததற்கு அந்த எட்ட நிற்றல் கிடையாது. நம்மைத் தன் கூட்டத்து ஆளாகவே எடுத்துக்கொள்ளும். ஐந்தாறு மாதத்தில் ஆண் சுரப்பு ஏறியதும், கூட்டத்து ஆட்களில் யார் மேலே யார் கீழே என்ற கணக்கைத் தீர்க்கப் பார்க்கும். நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சின்ன வயதிலிருந்து கோழிகளைப் பார்த்துப் பார்த்து, 1920களின் தொடக்கத்தில் 'கொத்து வரிசை' என்ற ஒன்றை எழுதி வைத்தார். எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு விலக வேண்டும் என்று கூட்டத்துக்குள் ஒரு படிக்கட்டு இருக்கிறது என்பதுதான் அது. கையில் வளர்ந்த சேவலின் படிக்கட்டில் நாமும் ஒரு படி.

சண்டைச் சேவல் வளர்க்கிறவர்களிடம் கேட்டால் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்வார்கள். அசில் ரகம் இன்னொரு சேவலைக் கண்டால் உயிர் போகும்வரை நிற்கும், ஆனால் மனிதன் கையில் பூனை மாதிரி இருக்கும். தலைமுறை தலைமுறையாக மனிதனைக் கொத்தினதைக் கழித்துவிட்டு அடைக்கு எடுத்ததன் பலன் அது. நம் கலப்பு நாட்டுச் சேவலுக்கு அப்படி யாரும் வடிகட்டவில்லை.

அந்த வீட்டில் அதுவரை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அக்கா விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். செத்துக்காரர் உதைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பையன் கல் விட்டிருக்கிறான். பாப்பா அலறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். சேவல் பாஷையில் ஓடுவதற்குப் பொருள் 'நீ ஜெயித்தாய்'. உதைப்பதற்குப் பொருள் 'சண்டைக்கு நான் தயார்'. அந்த வீட்டில் எல்லாரும் அதற்கு நாள்தோறும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சொல்லிவிட்டு வந்தது இவ்வளவுதான்: அடிக்காதீர்கள், ஓடாதீர்கள், முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள். வந்தால் அதன் பக்கமாக ஓர் அடி. தினமும் காலையில் ஒரு தடவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. தொங்கும்போது குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்தும், கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டும். அடங்கின மாதிரி தெரிவது அந்தத் திணறல்தான். பாப்பா ஊருக்குப் போகும்வரை சேவல் கொடாப்பு என்கிற கோழிக்கூண்டுக்குள்.

முள்ளையும் அன்று ராத்திரியே கவனித்தோம். இருட்டில் பறவை சாது. வெளியே தெரிவது நகம் மாதிரி உறை, உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. கத்தியால் வெட்டினால் ரத்தம் நிற்காது. திருகிப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கொடுமை வேண்டாம். நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்கி, மஞ்சள் பற்றுப் போட்டோம்.

பத்து நாள் கழித்து

அக்காவிடம் செவலை பெருமளவு அடங்கிவிட்டது. முறத்தை எடுத்துக்கொண்டு போனால் விலகி வழிவிட்டது. பாப்பாவை அவள் அம்மா வந்து கூட்டிப் போய்விட்டதால் கொடாப்பிலிருந்தும் விட்டாயிற்று. ஆனால் செத்துக்காரரை விடவில்லை. பத்து நாளில் ஆறு தடவை. முள் மழுங்கியிருந்ததால் ஆழக் காயம் இல்லை. கெண்டைக்காலில் கன்றிப் போன தழும்பைக் காட்டினார். "ஞான் ஒண்ணும் செய்யலை சாரே. சைக்கிளை நிறுத்தினதும் சாடி வருது." நான் சொன்னபடி நின்று பார்த்தாராம், அடி எடுத்து வைத்தும் பார்த்தாராம். அப்போதும் வந்ததாம்.

பத்து வருஷமாக அந்தத் தோப்பில் மரம் ஏறுகிறவர், பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை. நான் எங்கோ தவறவிட்டிருக்கிறேன் என்று புரிந்தது. முதல் தடவை நான் போனது சாயங்காலம், இருந்தது ஒரு மணி நேரம். சேவலைப் பார்த்தேன், சேவலின் நாளைப் பார்க்கவில்லை.

ஒரு காலைப்பொழுது

வைகாசி பிறந்து பத்தாம் நாள் வாக்கில், விடிய ஐந்தரைக்கே போய்த் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்தேன். தோப்பை ஒரு பக்கத்தில் வரைந்துகொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை குறித்தேன்.

வேப்பமரத்தில் அடைந்திருந்த கின்னிகள் வெளிச்சம் வந்ததும் படபடவென்று இறங்கின. இறங்கின உடனே சத்தம். முதலில் இனம் பிரித்தேன். கின்னியில் ஆணும் பெண்ணும் மேலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், புள்ளியும் ஒன்று, தலையில் கொம்பும் ஒன்று. ஆணுக்குத் தாடி பெரிதாக, குழிந்து வெளியே தள்ளியிருக்கும். பெட்டைக்குச் சின்னது, கன்னத்தோடு படிந்திருக்கும். அதைவிட நம்பகமானது குரல். பெட்டை இரண்டு துண்டாக, 'டக்-ராக், டக்-ராக்' என்று கூப்பிடும். ஆணால் அது முடியாது. 'சிக்சிக்சிக்' என்ற ஒற்றைத் தட்டு மட்டும்தான். எண்ணிப் பார்த்தால் நாலு ஆண், மூன்று பெட்டை. நாலைந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதுமான பறவையில் இது தலைகீழ்க் கணக்கு.

ஆறேகாலுக்கு செவலை பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் போனது. எருமைச் சாணியில்தான் புழு இருக்கிறது. ஒன்றைக் கண்டெடுத்து, தான் தின்னாமல் 'கொக்கொக்' என்று பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டிற்று. நல்ல சேவல் செய்கிற வேலை.

அப்போது மட்டைக் குவியல் பக்கமிருந்து ஒரு கின்னி ஆண் வந்தது. முதுகைக் கூன் போட்டு, சிறகை மேலே தூக்கி, தலையைத் தாழ்த்தி, குடுகுடுவென்று நேராக ஓடி வந்து செவலையின் வால் இறகைக் கவ்விற்று. செவலை திரும்பிக் கழுத்தைச் சிலிர்த்து நின்றது. கின்னி நிற்கவில்லை. சுற்றி ஓடிப் பின்னாலிருந்து மறுபடி கவ்விற்று. இரண்டாவது ஆணும் சேர்ந்துகொண்டது. செவலை ஓடியது. கின்னிகள் விடவில்லை. சாளையை இரண்டு சுற்று சுற்றி, கடைசியில் வாசலில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டு வாயைப் பிளந்து மூச்சு வாங்கிற்று. ஒன்பது மணிக்குள் இது நாலு தடவை நடந்தது. நாலு தடவையும் ஓட்டம் முடிந்த இடம் அதே இடுக்கு.

ஆறே முக்காலுக்கு செத்துக்காரர் வந்தார். அவர் சைக்கிளைச் சாய்ப்பது அந்த இடுக்கின் வாயில். முழங்கால் உயரத்தில் கேன் ஆட, இடுப்பில் கத்திப் பெட்டி ஆட, அவர் இறங்கினார். செவலைக்குப் பின்னால் சுவர், ஒரு பக்கம் தொட்டி, எதிரே ஆள். பாய்ந்தது.

சேவலும் சேவலும் மோதினால் அதற்கு ஒரு முறை உண்டு. முகத்துக்கு முகம் நிற்கும், சிலிர்க்கும், எம்பும், மூச்சு வாங்கும். தோற்றது தலையைத் தாழ்த்தி விலகினால் ஜெயித்தது விட்டுவிடும். கின்னிக்கு அந்த முறை தெரியாது. ஒன்றை ஒன்று ஓட ஓட விரட்டுவதுதான் அவற்றின் சண்டை. காலில் முள் கிடையாது, இறகைக் கவ்வி இழுப்பதோடு சரி, கொல்லாது. ஆனால் சேவல் 'தோற்றேன்' என்று விலகுவதே கின்னிக்குத் 'துரத்து' என்ற அழைப்பு. சேவலின் பாஷையில் முடிந்துபோன சண்டை கின்னியின் பாஷையில் அப்போதுதான் தொடங்குகிறது. கொட்டிக் கிடந்த வால் இறகுக்கு அக்கா கறுப்புச் சேவலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பு, பாவம், கொய்யா மரத்தை விட்டு இறங்கவே பயந்து கிடந்தது.

செவலை மனிதனை எதிரியாக நினைத்ததற்குக் காரணம் மனிதன் கையில் வளர்ந்தது. கின்னிகள் சேவலை எதிரியாக நினைத்ததற்கும் அதே காரணம்தான் என்பது என் கணிப்பு. அவை கோழியின் சிறகுக்குள் பொரிந்து வளர்ந்தவை. கோழிதான் தாய், சேவல்தான் பங்காளி. தனியே வளர்ந்த கின்னிகூடப் பருவத்தில் சேவலை விரட்டுவது உண்டு. ஆனால் அவை தங்களுக்குள் அடித்துக்கொள்வதில் பாதி நேரத்தைக் கழிக்கும், இப்படிச் சேவல் ஒன்றையே குறிவைத்து நிற்பதைக் கோழி வளர்த்த கின்னியிடம்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். யார் வளர்த்தார்களோ அவர்களோடுதான் இரண்டு பறவைக்கும் போட்டி. கின்னி விரட்ட, சேவல் வாசலுக்கு வர, வாசலில் செத்துக்காரர் நின்றார். முதல் வருகையில் நான் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

மட்டைக் குவியல்

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தோப்பு மூன்று ஏக்கர். கின்னிகள் ஏன் கட்டுத்தரையில் மட்டும் விரட்டுகின்றன?

பதினொரு மணி வெயிலில் விடை கிடைத்தது. ஒரு பெட்டை கூட்டத்திலிருந்து மெல்லப் பிரிந்து, மேய்கிற மாதிரி போக்குக் காட்டி, மட்டைக் குவியலுக்குப் பின்னால் மறைந்தது. அதன் ஜோடி ஆண் குவியல் மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தது. முக்கால் மணி நேரம் அசையவில்லை. பெட்டை வெளியே வந்து கூப்பிட்ட பிறகு இரண்டும் சேர்ந்து போயின.

நானும் அக்காவும் போய் மட்டையை விலக்கிப் பார்த்தோம். தரையில் காலால் பறித்த குழி, அதற்குள் முப்பத்தொரு முட்டை. மூன்று பெட்டையும் ஒரே குழியில் வைத்திருக்கின்றன. கின்னி முட்டை கோழி முட்டையைவிடச் சிறிது, நாற்பது கிராம் அளவு இருக்கும். ஒரு முனை கூர்மை, பழுப்பு நிறம், ஓடு அத்தனை கெட்டி. அக்கா மலைத்துப் போனார். "மூணு வருசமா என்ற எருமைக்குப் பக்கத்துலயே வெச்சிருக்குதுக பாருங்க."

கின்னி கோடையில் முட்டையிடத் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை இடும். அந்தப் பருவம் முழுக்க, ஆண் பறவைக்குக் குழியைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. குழிக்கும் சாணிக் குவியலுக்கும் இடையே இருபதடிகூட இல்லை. செவலை தினமும் காலையில் புழு தேடிப் போனது இன்னொருவன் வீட்டு முற்றத்துக்குள்.

செய்தவை

முதலில் ஆண் கணக்கைச் சரி செய்தோம். பெட்டை அதிகம் இருந்த இன்னொரு தோப்புக்கு இரண்டு ஆண்களை ஜோடியாகவே கொடுத்தோம். கின்னியைத் தனியாக ஒன்று மட்டும் அனுப்பக் கூடாது. கூட்டம் இல்லாவிட்டால் தீனி எடுக்காமல் கத்திக்கொண்டே கிடக்கும். பிடித்தது ராத்திரியில், மரத்திலிருந்து. பகலில் துரத்திப் பிடிக்கப் பார்த்தால் கூட்டமே சிதறித் தோப்பு தாண்டிப் போய்விடும். காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கின்னியின் கால் மூட்டு எளிதில் பிசகும். சிறகோடு உடம்பை அணைத்து எடுக்க வேண்டும்.

குழியை ஒரேயடியாகக் காலி செய்யவில்லை. காலி செய்தால் வேறிடம் தேடிப் போய்விடும், மறுபடி கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும். ஆறு முட்டையில் பென்சிலால் குறி போட்டு உள்ளேயே விட்டோம். மீதியைத் தண்ணீரில் போட்டு, மூழ்கினவற்றை மட்டும் சமையலுக்கு எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் குறியில்லாத புது முட்டையை மட்டும், பறவை பார்க்காத நேரத்தில் எடுத்தோம்.

இடத்தைப் பிரிப்பதுதான் அதிக நாள் பிடித்தது. பழைய ஆட்டுப்பட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதற்குக் கம்பிவலை அடித்து, உள்ளே உயரமாக மூங்கில் கட்டி, சாயங்காலம் ஐந்தரைக்கு வெள்ளைச்சோளம் போட்டோம். சோளத்துக்காகக் கின்னி எதையும் செய்யும். தகரத்தை ஒரே மாதிரி தட்டி, ஒரே நேரத்தில், ஒரே ஆள் போட வேண்டும். ஓட்டும்போது கூட்டத்துக்குப் பின்னால் இரண்டு நீளக் குச்சியைக் கைநீட்டம் போலப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால் ஆட்டுமந்தை மாதிரி போகும். வேகம் காட்டினால் பறந்துவிடும். பன்னிரண்டு நாளில் நாலு பட்டியில் அடைந்தன. ஐந்தாவது, ஒரு பெட்டை, கடைசிவரை வேப்பமரத்தை விடவில்லை. காலை ஒன்பது வரை பட்டியைத் திறப்பதில்லை. அதற்குள் செவலை கட்டுத்தரையில் வயிறு நிரம்பிவிடும். செத்துக்காரரும் வந்து போய்விடுவார்.

பின்னும் விரட்டு நடந்தது, குறைந்த அளவில். அதற்குச் சாளையைச் சுற்றி ஐந்து இடத்தில் தென்னங்கீற்றைக் கூரை மாதிரி சாய்த்து வைத்தோம். கின்னி கண்ணுக்குத் தெரிகிறவரைதான் விரட்டும். ஓடுகிற சேவல் ஒரு கீற்றுக்குப் பின்னால் புகுந்து மறைந்தால், இரண்டு சுற்று பார்த்துவிட்டு மேயப் போய்விடும். நான் சொன்ன எல்லாவற்றிலும் செலவில்லாததும் அதிகம் பலித்ததும் இதுதான். தீனித் தட்டையும் ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு பக்கத்தில் வைத்தோம்.

செத்துக்காரர் சைக்கிளைத் தெற்குப் படலோரம் நிறுத்தத் தொடங்கினார். கையில் ஒரு பனைமட்டை, அடிக்க அல்ல, காலுக்கு முன்னால் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடக்க. அந்த இடுக்கை அக்கா பலகை வைத்து அடைத்துவிட்டார்.

செவலையை வைத்திருப்பதா என்ற பேச்சும் வந்தது. பாப்பாவின் அம்மா ஃபோனில், "அதை முதல்ல வெட்டுங்க" என்றார். தையல் போட்ட முகத்தைப் பார்த்த தாய் வேறு எப்படிச் சொல்வார்? என் கருத்தும் ஒளிவுமறைவு இல்லாதது: சேவல் உயரத்துக்குக் கண் இருக்கிற குழந்தை நிரந்தரமாக வாழும் வீட்டில், ஒரு தடவை முகத்தில் பாய்ந்த சேவலை அவிழ்த்துவிடக் கூடாது. பழக்கிவிட்டோம் என்று நம்பிக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது. இந்த வீட்டில் குழந்தை விடுமுறைக்கு வருகிறவள். அக்காவுக்கு வெட்ட மனமில்லை. ஆகவே அவள் வருகிற நாட்களில் அதற்குப் பூட்டுப் போட்ட வலைக்கூண்டும் நாலு பெட்டையும். அடைக்கு முட்டை எடுப்பது கறுப்பின் வம்சத்திலிருந்துதான், ஏனென்றால் குணம் ஓரளவு வம்சத்திலும் இறங்கும். கறுப்பு தாயோடு வளர்ந்தது. ஆளைக் கண்டால் நாலடி தள்ளியே நிற்கும். கொய்யா மரத்திலிருந்து இறங்க அதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஆறு வாரத்தில்

ஆடிக்காற்று தொடங்கியபோது கணக்குப் பார்த்தோம். ஆறு வாரத்தில் செவலை ஆள் மேல் பாய்ந்தது இரண்டு தடவை. இரண்டும் புது ஆட்கள் மேல். ஒருவர் மீட்டர் கணக்கெடுக்க வந்தவர், ஓடியிருக்கிறார். செத்துக்காரர் மேல் ஒரு தடவைகூட இல்லை. வீட்டோடு பழகாதவர்களுக்காகப் படலில் மணி கட்டினோம், உள்ளிருந்து அக்கா வந்து கூட்டிப் போகும்படி.

கின்னிகளை முழுக்க விற்றுவிடலாமா என்று அக்கா நடுவில் ஒரு நாள் கேட்டார். வேண்டாம் என்றேன். அவை தோப்புக்குச் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. கோழி மாதிரி பாத்தியைக் கிளறாமல் வண்டையும் வெட்டுக்கிளியையும் கரையானையும் பொறுக்கும். பாம்பைக் கண்டால் வட்டம் கட்டி நின்று, அது நகரும்வரை கத்தும். அந்தக் கத்தலுக்கும் சும்மா கத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை அக்கா இப்போது சமையலறையிலிருந்தே பிரித்துச் சொல்கிறார். சும்மா கத்துவது அலை மாதிரி ஏறி இறங்கும், அபாயக் கத்தல் ஒரே மட்டத்தில் அறுத்துக்கொண்டே போகும். பளபளக்கிற பைக் டேங்கில் தன் நிழலைப் பார்த்துக் கொத்துவதும் கின்னியின் அன்றாடம்தான். சாக்கைப் போட்டு மூடினால் தீர்ந்தது. உத்தரப் பிரதேசத்து இசட்நகரில் 1979-இல் தொடங்கிய மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் நம் சூழலுக்கென்று காதம்பரி, சித்தாம்பரி, ஸ்வேதாம்பரி என்று மூன்று ரகங்களை உருவாக்கியிருக்கிறது. புள்ளி, நீலச்சாம்பல், வெள்ளை. கொட்டகையில் அதிகம் செலவில்லாமல் வளர்க்க ஏற்ற பறவை என்பதால்தான் அந்த உழைப்பு.

எடுத்து வைத்த புது முட்டையில் பதினாலை ஆனி தொடக்கத்தில் அடைக்கோழிக்கு வைத்தோம். கின்னிப் பெட்டை அடை படுத்தால் தோப்பில் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும்தான் தீனி, ஆகவே கோழியை விட்டால் வழியில்லை. கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள், கின்னிக்கு இருபத்தாறிலிருந்து இருபத்தெட்டு. அவசரப்பட்டு முட்டையைக் கலைக்கக் கூடாது. பத்து பொரித்தன. இந்தத் தடவை இரண்டாம் நாளே அவற்றைக் கோழியிடமிருந்து பிரித்து, பட்டிக்குள்ளேயே ஒரு மூலையில், பெரிய கின்னிகள் வலை வழியாகப் பார்க்கிற மாதிரி, பல்புக்குக் கீழே வைத்தோம். முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்தோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல், இல்லையென்றால் மூழ்கிச் சாகும். ஈரப்புல்லில் விடக் கூடாது. புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாத தீனி, கூடவே வேகவைத்த முட்டையும் கரையானும். எட்டு தங்கின. கின்னி பார்த்து வளர்ந்த இவை சேவலை என்ன செய்யும் என்பது வருகிற பங்குனியில், முட்டைப் பருவம் திரும்பும்போது தெரியும். நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

புரட்டாசியில் காலாண்டு விடுமுறைக்குப் பாப்பா வந்தாள். தழும்பு நூல் கனத்துக்கு இருந்தது. அந்த வாரம்தான் பெட்டை ஒன்று எட்டுக் கோழிக்குஞ்சு பொரித்திருந்தது, கறுப்பின் குஞ்சுகள். அவள் திண்ணையிலிருந்து இறங்கிக் கொடாப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஒரு குஞ்சு கம்பு இடுக்கு வழியாக வெளியே வந்து அவள் காலடியில் நின்றது. "எடுக்கட்டுமா அம்மிச்சி?" என்றாள். "வேண்டாஞ்சாமி, அது அவங்கம்மாகிட்ட வளரட்டும். நீ பாரு" என்றார் அக்கா. அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தாய்க்கோழி கூப்பிட்டு அது உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.